விமானத்துக்குள் அடைத்துவைத்த காற்று: முகமூடி ஏன் விழுகிறது, விமானம் ஏன் கீழே இறங்குகிறது?

"நடுவானில் விமானம் 25,000 அடி சரிந்தது, பயணிகள் அலறல்" என்பது போன்ற தலைப்புகள் ஆண்டுக்குச் சில முறை வந்துவிடுகின்றன. செய்தியின் நடுவே ஒரே ஒரு வரியில், "கேபினில் காற்றழுத்தம் குறைந்ததால்" என்று காரணமும் இருக்கும். படிப்பவர் மனதில் பதிவது என்னவோ, கட்டுப்பாட்டை இழந்து விழுந்த ஒரு விமானம்தான். உண்மையில் நடப்பது அதற்கு நேர் எதிரானது. அந்த இறக்கத்தை விமானிகள் தெரிந்தே, பயிற்சி பெற்ற முறைப்படி, எல்லோரையும் காப்பாற்றுவதற்காகச் செய்கிறார்கள். கேபினில் காற்றழுத்தம் என்றால் என்ன, அது எப்படி உருவாகிறது, எப்போது கைவிடுகிறது என்பது தெரிந்தால்தான் இந்தச் செய்திகளைச் சரியாகப் படிக்க முடியும்.

உயரே போனால் குறைவது எது?

உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். கடற்கரையிலும் சரி, 35,000 அடியிலும் சரி, காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறத்தாழ 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் சுமார் 1,013 ஹெக்டாபாஸ்கல். 18,000 அடியில் அது பாதியாகிவிடுகிறது. 35,000 அடியில் கால் பங்குக்கும் குறைவு, சுமார் 238 ஹெக்டாபாஸ்கல். வெப்பநிலையோ உறைநிலைக்குக் கீழே 54 டிகிரி.

நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளுவது இந்த அழுத்தம்தான். அது போதாத இடத்தில் எவ்வளவு ஆழமாக மூச்சிழுத்தாலும் பயனில்லை. மிக அதிக உயரத்தில் ஓட்டம் திசைமாறி, ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜன் நுரையீரல் வழியாக வெளியேறத் தொடங்குகிறது. மூச்சை அடக்கிச் சமாளிக்கலாம் என்று நினைப்பதும் தவறு. அழுத்தம் சட்டென்று இறங்கும்போது உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலையே காயப்படுத்தும்.

அழுத்தம் இழந்த பிறகு ஒருவர் தெளிவாக யோசித்துச் செயல்படக்கூடிய நேரத்துக்கு விமான மருத்துவத்தில் தோராயமான அளவுகள் உண்டு:

1. 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடம்.
2. 30,000 அடியில் 1 முதல் 2 நிமிடம்.
3. 35,000 அடியில் 30 முதல் 60 நொடி.
4. 40,000 அடியில் 15 முதல் 20 நொடி.

அழுத்தம் திடீரென்று போனால் இந்த நேரம் பாதியாகக் குறையலாம். இது மயங்கி விழும்வரை உள்ள நேரம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். கண் திறந்திருக்கும், கை அசையும். முகமூடியை எடுத்து மாட்டத் தோன்றாது. "முதலில் உங்கள் முகமூடியை அணிந்துகொள்ளுங்கள், பிறகு குழந்தைக்கு உதவுங்கள்" என்ற அறிவிப்பு இந்த எண்களிலிருந்துதான் பிறந்தது. குழந்தைக்கு மாட்ட முயன்று அரை நிமிடத்தை இழக்கும் பெற்றோர், இருவருக்கும் உதவ முடியாத நிலைக்குப் போய்விடுவார்.

8,000 அடி என்ற சமரசம்

விமானம் 38,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருப்பவர் உணர்வது வேறு உயரம். கேபினுக்குள் உள்ள அழுத்தம் எந்த உயரத்து வளிமண்டலத்துக்குச் சமமோ, அதைக் "கேபின் உயரம்" என்கிறார்கள். வழக்கமான இயக்கத்தில் இது 8,000 அடியைத் தாண்டக்கூடாது என்பது பெரிய பயணிகள் விமானங்களுக்கான வடிவமைப்பு விதி. ஒவ்வொரு நீண்ட பயணத்திலும் பயணி ஓர் உயரமான மலை ஊரில் சில மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்றே கொள்ளலாம். ஆரோக்கியமான உடல் இதைத் தாங்கும். இதய நோயோ கடுமையான நுரையீரல் நோயோ உள்ளவர்கள் பறப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதற்குக் காரணமும் இந்த 8,000 அடிதான்.

கடல் மட்ட அழுத்தத்தையே உள்ளே வைக்கக்கூடாதா? வைக்கலாம். அதற்கு விமானத்தின் உடல் கொடுக்க வேண்டிய விலை மிக அதிகம். உள்ளே 8,000 அடி, வெளியே 35,000 அடி என்றால், ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் ஐந்து டன்னுக்கும் மேற்பட்ட விசை வெளியே தள்ளுகிறது. உள்ளே கடல் மட்ட அழுத்தம் என்றால் அது ஏறத்தாழ எட்டு டன். அதைத் தாங்கும் தடிமனில் அலுமினிய உடலைக் கட்டினால் எடை கூடும், எரிபொருள் கூடும்.

ஒருமுறை தாங்கினால் போதும் என்பதும் இல்லை. ஒவ்வொரு பறப்பிலும் உடற்பகுதி சற்றே விரிந்து மீண்டும் சுருங்குகிறது. ஆயிரக்கணக்கான முறை இப்படி நடக்கும்போது உலோகம் சோர்வடைந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் வளர்கின்றன. இந்தப் பாடத்தை உலகம் 1954-ல் கற்றது. முதல் ஜெட் பயணிகள் விமானமான கோமெட், ஜனவரி 10 அன்று எல்பா தீவின் அருகிலும் ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகிலும் வானிலேயே சிதறியது. பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் ஒரு முழுக் கோமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள், உடற்பகுதி பிளந்தது. சதுர ஜன்னல்களே காரணம் என்று இன்றும் எழுதுகிறார்கள். எல்பா அருகே கடலிலிருந்து எடுத்த பாகங்களில், கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில்தான் பிளவு தொடங்கியிருந்தது. எந்தத் திறப்பானாலும் மூலையில் விசை குவியும் என்பதே அங்கே கிடைத்த பாடம்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் கூரை, முன்பகுதியில் பல மீட்டர் நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. அந்த விமானம் அதற்குள் 89,000-க்கும் மேற்பட்ட முறை ஏறி இறங்கியிருந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். கூரையில்லாத விமானத்தை விமானிகள் தரையிறக்கினார்கள். விமானத்தின் வயதை ஆண்டுகளால் மட்டும் கணக்கிடாமல், எத்தனை முறை அழுத்தம் ஏற்றி இறக்கப்பட்டது என்பதாலும் கணக்கிடுவது இதனால்தான்.

போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றின் உடற்பகுதி பெரும்பாலும் கார்பன் இழைக் கலப்புப் பொருளால் ஆனது. அது சோர்வை நன்றாகத் தாங்குவதால் இவற்றில் கேபின் உயரத்தைச் சுமார் 6,000 அடியில் வைக்க முடிகிறது. நீண்ட பயணத்துக்குப் பின் களைப்பு குறைவாக இருப்பதாகப் பலர் சொல்வதில் இதற்கும் பங்கு உண்டு.

காற்று எங்கிருந்து வருகிறது?

தரையில் கதவை மூடும்போது உள்ளே இருந்த காற்றே கடைசிவரை அடைபட்டிருக்கிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படி இருந்தால் சில மணி நேரத்தில் மூச்சுமுட்டிவிடும். பெரும்பாலான ஜெட் விமானங்களில், இன்ஜினின் அமுக்கிப் பகுதியில் எரிபொருள் கலப்பதற்கு முன்பே சூடான, அழுத்தமான காற்றின் ஒரு பங்கைப் பிரித்தெடுக்கிறார்கள். குளிர்விக்கும் கருவிகளைக் கடந்து அது கேபினுக்குள் வந்துகொண்டே இருக்கும். போயிங் 787-ல் மட்டும் இன்ஜினிலிருந்து எடுக்காமல், மின்சார அமுக்கிகள் வெளிக்காற்றை நேராக உள்ளே இழுக்கின்றன.

வந்த காற்று வெளியேற, விமானத்தின் வால்பக்கம் பெரிய வால்வு ஒன்று இருக்கிறது. அழுத்தத்தைத் தீர்மானிப்பது இந்த வெளியேற்று வால்வின் திறப்புதான். அடியில் ஓட்டை உள்ள வாளியில் குழாயைத் திறந்துவிட்டால், நீர்மட்டத்தை ஓட்டையின் அளவு தீர்மானிப்பது போல. ஓட்டையைச் சுருக்கினால் மட்டம் உயரும், விரித்தால் தாழும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு கணினி இந்த வால்வை மெல்ல மெல்ல அசைத்து, கேபின் உயரம் நிமிடத்துக்குச் சில நூறு அடிக்கு மேல் மாறாதபடி பார்த்துக்கொள்கிறது. காது அடைப்பது அந்த மாற்றத்தின் அடையாளம். இறங்கும்போது அதிகமாக அடைப்பதற்குக் காரணம், நடுக்காதிலிருந்து காற்று வெளியேறுவது எளிது, உள்ளே போவது கடினம்.

சிறிய ஓட்டை ஒன்று விழுந்தால் கேபினிலிருந்து அனைவரும் உறிஞ்சப்பட்டுவிடுவார்கள் என்ற பயத்துக்கும் இதிலேயே விடை உண்டு. கூடுதலாக ஒரு சிறு கசிவு வந்தால், வால்வு அந்த அளவுக்குச் சுருங்கிக்கொள்ளும். உள்ளே வரும் காற்றின் அளவை விஞ்சும் பெரிய திறப்புதான் ஆபத்து.

நடுவானில் ஒருவர் கதவைத் திறக்க முடியுமா?

பறக்கும் உயரத்தில் முடியாது. பெரும்பாலான கதவுகள் முதலில் உட்பக்கமாக அசைந்த பிறகே வெளியே திறக்கும்; அல்லது சட்டத்தில் உள்ள தடுப்புகளில் அழுந்தி நிற்கும். உள்ளிருந்து தள்ளும் அழுத்தமே கதவைப் பூட்டுகிறது. இரண்டு சதுர மீட்டர் கதவு என்றால் அதன் மேல் பத்து டன்னுக்கும் மேற்பட்ட விசை இருக்கும். எந்த மனிதராலும் அதை எதிர்த்து இழுக்க முடியாது.

ஆனால் 2023 மே 26 அன்று தென்கொரியாவில் ஏசியானா நிறுவனத்தின் ஏ321 விமானத்தில் ஒரு பயணி கதவைத் திறந்தே விட்டார். முரண்பாடு ஏதும் இல்லை. தேகு நகரில் தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்த நேரம் அது. உயரம் சுமார் 210 மீட்டர். அங்கே உள்ளும் வெளியும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்று. கதவைப் பூட்டிவைத்த விசை அப்போது இல்லை.

விமானி அறையும் கேபினும் ஒரே கூடு

இடையில் கதவு இருப்பதால் விமானி அறை தனி உலகம் என்று தோன்றும். அழுத்தத்தைப் பொறுத்தவரை அப்படி ஒரு பிரிவே இல்லை. மூக்கில் ஒரு தடுப்புச் சுவர், வால்பக்கம் ஒரு தடுப்புச் சுவர். இரண்டுக்கும் இடையே உள்ள விமானி அறை, பயணிகள் பகுதி, காலடியில் உள்ள சரக்கு அறை எல்லாம் சேர்ந்து ஒரே அழுத்தக் கூடு. ஓரிடத்தில் உடைந்தால் மற்ற இடங்களின் காற்றும் அந்த உடைப்பை நோக்கிப் பாயும். வழியில் தடை இருந்தால் அந்தத் தடை உடையும்.

1974 மார்ச் 3 அன்று பாரிஸ் அருகே துருக்கிய விமான நிறுவனத்தின் டிசி-10 விழுந்து 346 பேர் இறந்தது இப்படித்தான். சரக்கு அறைக் கதவு பிய்த்துக்கொண்டது. கீழே அழுத்தம் போய், மேலே முழு அழுத்தம் இருந்ததால், நடுவில் இருந்த கேபின் தளம் நொறுங்கியது. தளத்துக்கு அடியில் ஓடிய கட்டுப்பாட்டுக் கம்பிகள் அறுந்தன. கதவு போனதைத் தாண்டியும் அந்த விமானம் பிழைத்திருக்கலாம். தளம் நொறுங்கியதுதான் அதைக் கொன்றது. காற்று மேலும் கீழும் விரைவாகச் சமன்பட வழிவிடும் திறப்புகள் அதன் பிறகு கட்டாயமாயின.

விமானி அறைக் கதவுக்கும் இதே சிக்கல் உண்டு. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், சுமார் 17,000 அடியில் கேப்டனுக்கு எதிரே இருந்த கண்ணாடி பறந்தது. முந்தைய நாள் பராமரிப்பில் 90 போல்ட்டுகளில் 84 தேவையான விட்டத்தைவிடச் சிறியவையாகப் போடப்பட்டிருந்தன. கேப்டனின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. அதே நொடியில் கேபின் காற்று முன்னோக்கிப் பாய்ந்து, விமானி அறைக் கதவையும் பெயர்த்து உள்ளே தள்ளியது. பணியாளர்கள் கேப்டனின் கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உயிர் பிழைத்தார்.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு, குண்டும் உதையும் தாங்கும் கதவு விதியானது. இப்போது வடிவமைப்பாளர் முன்னால் இரண்டு எதிரெதிர்த் தேவைகள்: மனிதருக்குக் கதவு அசையவே கூடாது, காற்றுக்கு அது உடனே வழிவிட வேண்டும். அழுத்த வேறுபாட்டை உணர்ந்து தானே விடுபடும் பூட்டு, அல்லது கதவிலேயே திறந்துகொள்ளும் பலகைகள் என்று இதற்குத் தீர்வு கண்டார்கள்.

2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா நிறுவனத்தின் 737 மேக்ஸ் 9 விமானத்தில் இது வெளிப்பட்டது. போர்ட்லண்டிலிருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, சுமார் 15,000 அடியில், பயன்படாத கதவு வழியை அடைத்திருந்த பலகை பறந்துபோனது. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் பொருத்தப்படவே இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. உடைப்பு 26-வது வரிசையில். ஆனால் விமானி அறைக் கதவு படாரென்று திறந்தது. துணை விமானியின் தலைக்கருவி கழன்றது, அவசரக் குறிப்புத் தாள் காற்றோடு போனது. கதவு வடிவமைத்தபடியேதான் நடந்துகொண்டது. அப்படி நடக்கும் என்று விமானிகளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இதை என்னால் சிறு குறையாகக் கடந்துபோக முடியவில்லை. இரைச்சலும் குளிரும் ஒரே நொடியில் பாயும்போது, தாம் பார்ப்பது எதிர்பார்த்த நிகழ்வா, இன்னொரு கோளாறா என்று விமானி திகைக்க வேண்டிய நிலையைக் கையேட்டில் ஒரு பத்தி தவிர்த்திருக்கும். 177 பேரும் உயிரோடு திரும்பினார்கள்; பலகைக்கு அருகில் இருந்த இரண்டு இருக்கைகள் அன்று காலியாக இருந்தன.

சத்தமே இல்லாத கசிவு

மேலே சொன்னவற்றில் ஒரு நன்மை இருந்தது: எல்லோருக்கும் உடனே தெரிந்துவிட்டது. அதைவிட அஞ்ச வேண்டியது, யாரும் கவனிக்காமல் அழுத்தம் மெல்லக் குறைவது. ஆக்சிஜன் போதாத மூளை முதலில் இழப்பது தன்னைத்தானே கணிக்கும் திறனை. மூச்சுத்திணறல் தோன்றாது, ஏனென்றால் கரியமில வாயு வழக்கம்போல வெளியேறிக்கொண்டிருக்கும். சிலருக்கு மகிழ்ச்சியாகக்கூட இருக்கும். நகங்கள் நீலமாகும், பக்கத்தில் இருப்பவரும் அதே நிலையில் இருந்தால் யார் பார்ப்பது?

2005 ஆகஸ்ட் 14. சைப்ரஸின் லார்னாகாவிலிருந்து ஏதென்ஸ் வழியாகப் பிராக் செல்லப் புறப்பட்ட ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங் 737. முந்தைய இரவு அழுத்தச் சோதனைக்காகத் தரைப் பொறியாளர் ஒரு சுவிட்சைக் கைமுறை நிலைக்குத் திருப்பினார். அது தானியங்கி நிலைக்குத் திரும்பவில்லை. புறப்படும் முன்பும் பின்பும் நடந்த சரிபார்ப்புகளில் விமானிகளும் கவனிக்கவில்லை. வெளியேற்று வால்வு திறந்தபடியே விமானம் ஏறியது.

சுமார் 12,000 அடியில் எச்சரிக்கை ஒலித்தது. அந்த விமானத்தில் அதே ஒலிதான், தரையில் புறப்பாட்டு அமைப்பு தவறாக இருந்தாலும் ஒலிக்கும். பறக்கும்போது அது அழுத்தத்தைத் தவிர வேறெதையும் குறிக்காது. ஆனால் விமானிகள் அதைப் புறப்பாட்டு எச்சரிக்கை என்றே எடுத்துக்கொண்டு, நிறுவனத்தின் தரைப் பொறியாளருடன் வானொலியில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசும்போதே விமானம் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் பயணிகளுக்கு முகமூடிகள் விழுந்துவிட்டன. முன்னால் விமானிகளின் முகமூடிகள் கைக்கெட்டும் தூரத்தில் அப்படியே இருந்தன.

ஆட்டோபைலட் 34,000 அடிக்கு ஏறி, ஏதென்ஸுக்கு அருகே வட்டமிடத் தொடங்கியது. பார்க்க வந்த எஃப்-16 போர் விமானிகள் கண்டது, காலியான கேப்டன் இருக்கையும் சாய்ந்துகிடந்த துணை விமானியும். பிறகு, கையடக்க ஆக்சிஜன் குப்பியுடன் தாக்குப்பிடித்த ஒரு பணியாளர் விமானி அறைக்குள் வந்து அமர்வதையும் பார்த்தார்கள். அதற்குள் எரிபொருள் தீரத் தொடங்கியிருந்தது. புறப்பட்டு ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் மலைச்சரிவில் மோதி 121 பேரும் இறந்தனர். இதன் பிறகு 737 விமானங்களில் இரண்டு எச்சரிக்கைகளுக்கும் தனித்தனி விளக்குகள் சேர்க்கப்பட்டன.

2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் 737-லும் அழுத்தம் சம்பந்தப்பட்ட சுவிட்ச் தவறிப்போனது. முப்பது பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் கசிந்தது. அங்கே விமானிகள் நிலைமையை உணர்ந்து மும்பைக்கே திரும்பினார்கள்.

முகமூடியும் இறக்கமும்

கேபின் உயரம் 10,000 அடியைத் தாண்டும்போது விமானி அறையில் எச்சரிக்கை வரும். 14,000 அடி அளவில் பயணிகளின் முகமூடிகள் தானாக விழும். பெரும்பாலான விமானங்களில் பயணிகளுக்கான ஆக்சிஜன் குப்பியில் அடைத்து வைக்கப்படுவதில்லை. தலைக்கு மேல் உள்ள சிறு கருவியில் சோடியம் குளோரேட் போன்ற வேதிப்பொருள் எரிந்து அது உருவாகிறது. அதனால் பயணி அறிய வேண்டிய சில:

1. முகமூடியைத் தன்பக்கம் இழுத்தால்தான் வேதிவினை தொடங்கும். தொடங்கினால் நிறுத்த முடியாது.
2. கருவி மிகவும் சூடாகும். எரிவது போன்ற வாடை வரலாம். அது தீ அல்ல.
3. பை உப்பாமல் இருந்தாலும் ஆக்சிஜன் வந்துகொண்டிருக்கும்.
4. வாயை மட்டும் மூடினால் போதாது. மூக்கும் உள்ளே இருக்க வேண்டும். நிஜச் சம்பவங்களின் படங்களில் பலர் செய்யும் தவறு இது.

இந்த ஆக்சிஜன் பொதுவாகப் பன்னிரண்டு நிமிடங்களோ அதற்குச் சற்று மேலோதான் வரும். இறக்கம் ஏன் அவ்வளவு அவசரம் என்பது இங்கே விளங்கும். விமானிகள் செய்வது இந்த வரிசையில்: ஒரே கையால் ஐந்து நொடிக்குள் மாட்டக்கூடிய தங்கள் முகமூடியை அணிவது, ஒருவரோடு ஒருவர் பேச முடிகிறதா என்று உறுதிசெய்வது, இன்ஜின் விசையைக் குறைத்து, இறக்கையின் மேல் உள்ள வேகத்தடுப்புப் பலகைகளை உயர்த்தி, 10,000 அடிக்கு இறங்குவது. நிமிடத்துக்கு 5,000 அடிக்கும் மேற்பட்ட வேகத்தில் இறங்கும்போது, 35,000 அடியிலிருந்து ஐந்து நிமிட அளவில் இயல்பாக மூச்சுவிடும் உயரம் வந்துவிடும். விமானம் அதிரும், மூக்கு தாழும், கேபினில் ஈரப்பதம் பனிமூட்டமாகத் திரளும். அறிவிப்பு எதுவும் வராமலும் போகலாம், ஏனென்றால் விமானிகளின் கைகளுக்கு அப்போது வேறு வேலை இருக்கும்.

கீழே மலை இருந்தால் என்ன செய்வது? திபெத்திய பீடபூமியின் மேலும் இமயத்தின் மேலும் 10,000 அடிக்கு இறங்க இடமே இல்லை. அத்தகைய பாதைகளில் பறக்க, பன்னிரண்டு நிமிட வேதிக் கருவிகள் போதாது. நீண்ட நேரம் ஆக்சிஜன் தரும் குப்பிகள் உள்ள விமானங்களைப் பயன்படுத்துகிறார்கள். பாதையின் ஒவ்வொரு பகுதியிலும் அழுத்தம் போனால் எந்தப் பக்கம் திரும்புவது, எந்தப் பள்ளத்தாக்கின் வழியாக, எந்த உயரம்வரை இறங்குவது, எந்த விமான நிலையத்துக்குப் போவது என்பதையெல்லாம் புறப்படும் முன்பே வரைந்து, விமானிகளின் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.